ஆண்டவரிடம் மட்டும் சொன்னது

பாளையங்கோட்டையில் ரகசியம் என்ற சரக்கு யாரிடமும் மிஞ்சாமல் போனதற்கு முழுப் பொறுப்பு ஆமென் அண்ணாச்சிதான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஜெபம் பண்ண ஆரம்பித்தால் அந்த ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து லேசில் வராது என்பதால் இப்படி ஒரு பட்டம்.

அண்ணாச்சி புறம் பேசமாட்டார். மனிதர்களிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். நீங்கள் நம்பிச் சொன்னதை ஆண்டவரிடம் மட்டும் சொல்வார். சத்தமாக, ஊர் கூடியிருக்கும்போது, பெயரோடு சொல்வார். கேட்டால், "நான் யாருகிட்டவே சொன்னேன்? ஜெபத்துல காது குடுத்தது ஒம்ம தப்பு" என்பார்.

எங்கள் கோயில் பாடகர் குழு மணிமுத்தாறு அணைக்கு ஒருநாள் சுற்றுலா கிளம்பியது. மலையடிவாரத்தில் கடல்போல் கிடக்கும் தண்ணீரைப் பார்த்து ஆனந்தப்படுவது திட்டம். எனக்கு ஆனந்தத்துக்கு வழியில்லை. செல்வினும் வருகிறான்.

செல்வின் என் பால்ய சிநேகிதன். முந்தின வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகையில், காணிக்கையாக வந்த காய்கறிகளின் ஏலத்தில் இருவரும் ஒரே பூசணிக்காய்க்குப் போட்டி போட்டோம். அப்போது எனக்கு வேலை போயிருந்த நேரம். "ஏலே ஞானம், வேல இல்லாதவனுக்கு எதுக்குலே பூசணிக்கா?" என்று விளையாட்டாகக் கேட்டான். கோயிலே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. காய் அவனுக்குப் போனது, அன்றோடு பேச்சு நின்றது. ஞாயிறுதோறும் ஒரே பாட்டுப் புத்தகத்தின் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அன்பைப் பற்றிப் பாடுவோம், பாடி முடித்ததும் ஆளுக்கொரு வாசல் வழியாக வீட்டுக்குப் போவோம்.

வேன் கிளம்புமுன் அண்ணாச்சி ஜெபித்தார். "ஓனருக்குத் தெரியாம துபாய்க்குப் போகப் பாக்குத நம்ம டிரைவர் காசிம் தம்பிக்கு வாசலைத் திறந்தருளும்!" ஓனர் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். காசிம் பாய், "அண்ணாச்சி, மிச்ச துஆவ போற வழியில கேளுங்க" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். கல்லிடைக்குறிச்சி தாண்டும்வரை அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

அணையை நாங்கள் பார்த்தது சொற்பம். தண்ணீருக்காக ஒரு ஜெபம், அதைத் தாங்கும் மதகுக்காக ஒரு ஜெபம். மத்தியானம் மரத்தடியில் பிரியாணி அண்டாவைச் சுற்றி வட்டமாக நின்றோம். எல்லோரும் கண்ணை மூட, அண்ணாச்சி வலமிருந்து ஆள் ஆளாக ஆண்டவருக்கு அறிமுகம் செய்ய ஆரம்பித்தார். ஒருவரின் சர்க்கரை வியாதி வெளியே வந்தது, இன்னொருவரின் மாமியார் வந்தார். வரிசை என்னை நெருங்கிக்கொண்டிருந்தது. முந்தின வாரம்தான் அவரிடம் மனசைத் திறந்திருந்தேன்.

"ஆண்டவரே, செல்வின் அன்னைக்கு சொன்ன வார்த்தைக்கு இன்னமும் வருத்தப்படுதான். மன்னிப்பு கேக்க வெக்கப்படுதான். ஞானத்துக்கும் இவன் இல்லாம சாயங்காலப் பொழுது போகமாட்டேங்குது. ரெண்டு பேரும் தனித்தனியா வந்து, யாருகிட்டயும் சொல்லாதியன்னு கேட்டானுவ. நான் சொல்லல. உம்மகிட்ட மட்டுந்தான் சொல்லுதேன்."

வெட்கத்தில் கண்ணைத் திறந்துவிட்டேன். எதிரே செல்வினும் திறந்திருந்தான். எங்கள் இருவருக்கும் நடுவே, அண்டாவின் மூடியை ஒரு குரங்கு பைய நகர்த்திக்கொண்டிருந்தது. அதன் குடும்பம் பின்னால் காத்திருந்தது.

ஜெபத்தின் நடுவே வாயைத் திறப்பது எங்கள் பக்கம் பெரும் பாவம். நான் திறந்தால் நான்தான் முதலில் பேசினேன் என்றாகிவிடும். அவனும் அதையே கணக்குப் போட்டான். மூடி பாதி நகர்ந்தது. குரங்கு கையை உள்ளே விட்டது.

"ஏலே ஞானம், அண்டாவப் பிடிலே!"

"நீ அங்கன மறிலே, செல்வின்!"

அண்ணாச்சி கண்ணைத் திறக்கவே இல்லை. கையை மட்டும் மேலே தூக்கினார். "பேசிட்டானுவ ஆண்டவரே, ஸ்தோத்திரம்! ஆமென்!"

அவர் சரித்திரத்திலேயே மிகச் சிறிய முடிவுரை அதுதான். பாதிப் பிரியாணி எங்களுக்கு மிஞ்சியது. அவித்த முட்டை மொத்தமும் மரத்துக்குப் போய்விட்டது. சாப்பிட்டபின் நானும் செல்வினும் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தோம். "அந்தப் பூசணிக்கா உள்ள பூராவும் அழுகல்லே" என்றான். நான் சிரித்த சிரிப்பில் அவனும் சிரித்தான், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது.

அண்ணாச்சிக்கு இப்போது தள்ளாமை. ஜெபம் மட்டும் குறையவில்லை. போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது குனிந்து, "அண்ணாச்சி, உங்கள எனக்கு ரொம்பப் பிடிக்கும். யாருகிட்டயும் சொல்லிராதிய" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஜெபத்தில் அது கோயில் முழுக்கக் கேட்டது. குரல்தான் கொஞ்சம் தழுதழுத்தது.