சூனியக்காரி அழமாட்டாள்

ஒரு விஷயத்தைப் பற்றி மூன்று புத்தகம் படித்தவனைவிட ஆபத்தான மனிதன் கிடையாது. ஒன்றும் படிக்காதவன் வாயை மூடிக்கொண்டு இருப்பான். முப்பது படித்தவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். எண்பத்தேழாம் ஆண்டு ரொறன்ரோவில் நான் சரியாக மூன்று படித்திருந்தேன்.

மூன்றும் அமெரிக்காவில் முன்னொரு காலத்தில் நடந்த சூனியக்காரி வழக்குகளைப் பற்றியவை. சில சிறுமிகள் கைநீட்டிக் காட்டுவார்கள். காட்டப்பட்டவர்களைப் பிடித்து, விசாரித்து, தூக்கில் போடுவார்கள். எங்கள் சங்கத்தின் கலைவிழாவுக்கு இதையே நாடகமாக எழுதினேன். (வழமைபோல ஒரு புராண நாடகம் போதும் என்றுதான் கேட்டார்கள். நான் உலகத் தரத்துக்குக் குறைந்த எதையும் தொடுவதில்லை என்றிருந்த காலம்.) வரலாற்றில் இல்லாத ஒரு பொத்தான்கூட மேடையில் இருக்கக்கூடாது என்று சட்டமும் போட்டேன்.

"கடைசியிலை அவளை எரிச்சால் நல்லா எடுபடும், தம்பி," என்றார் நீதிபதியாக நடித்த அங்கிள்.

"அங்கை ஒருத்தரையும் எரிக்கேல்லை, அங்கிள். தூக்குத்தான்."

"கேக்கவே நிம்மதியாக் கிடக்கு," என்றார்.

குற்றம் சாட்டப்பட்ட பெண்ணாக நடிக்க என் அண்ணியைப் பிடித்தேன். அதற்குக் காரணம் இருந்தது. சூனியக்காரிக்குக் கண்ணீர் வராது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. ஆகவே என் கதாநாயகி கடைசிவரை கண் கலங்கக்கூடாது. அண்ணி அழாத மனுசி. அந்த வருடம் தை மாதம் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. அவருடைய ஒரே தம்பியை இராணுவம் சுற்றிவளைப்பில் பிடித்துப்போய்க் கொன்றுவிட்டது, உடலும் கொடுக்கவில்லை. அண்ணி ரிசீவரை வைத்துவிட்டு வேலைக்குப் புறப்பட்டுப் போனார். அண்ணா, அண்ணி, நான் மூன்று பேரும் ஸ்காபறோவில் ஓர் அப்பாட்மென்றில் இருந்தோம். கொஞ்சம் பலமாகக் கதைத்தாலே பக்கத்து வீட்டான் சுவரில் இடிப்பான். அங்கே வாய்விட்டு அழ ஏது இடம்? இதெல்லாம் இப்போது யோசிக்கிறேன். அன்று யோசித்தது, நல்ல நடிகை வீட்டுக்குள்ளேயே இருக்கிறார் என்பதைத்தான். அந்தத் தம்பியை எப்படிப் பிடித்தார்கள் என்றுகூட நான் கேட்டதில்லை.

விழாவன்று, கைநீட்டும் சிறுமியாக நடிக்க இருந்த பிள்ளைக்குக் காய்ச்சல். வசனம் தெரிந்த வேறு ஆள் அண்ணா மட்டும்தான். ஒத்திகைக்கு அண்ணியைக் காரில் கூட்டிவந்து, பின்னால் இருந்து கேட்டுக் கேட்டே பாடமாக்கிவிட்டார். ஆனால் அண்ணாவுக்கு நல்ல அடர்த்தியான மீசை.

"பதினொரு வயசுப் பெட்டைக்கு மீசை இருந்ததா வரலாறு இல்லை. வழியுங்கோ, அண்ணா."

"டேய், அப்பா உயிரோடை இருக்கேக்கை மீசை எடுக்கச் சொல்லுறியோ?"

அண்ணி மண்டபத்துக் குசினியிலிருந்து வெறும் அரிசிச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து, கத்தரிக்கோலால் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டினார்.

"இதைத் தலையிலை போட்டால் மீசை தெரியாது."

"அண்ணி, அந்தக் காலத்திலை ஒருத்தரும் சாக்குப் போடேல்லை!"

"இந்தக் காலத்திலை போடுறாங்கள், தம்பி."

எனக்கு விளங்கவில்லை. விளக்கம் கேட்க நேரமும் இல்லை.

அண்ணா சாக்கோடு மேடைக்கு வந்தார். கைநீட்டி, "இவள்தான்!" என்று கத்தவேண்டும். மூச்சு முட்டியதோ, வசனம் மறந்ததோ, அண்ணியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. முன்வரிசையில் ஓர் அம்மா, "ஐயோ, தலையாட்டி," என்றது எனக்குக் கேட்டது. ஊரில் இராணுவம் பெடியன்களை வரிசையில் நிறுத்தும். சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் ஜீப்பில் இருப்பான். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவனைக் கொண்டுபோவார்கள். அண்ணியின் தம்பி போனதும் அப்படித்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கே இருந்த பலர் அந்த வரிசையில் நின்றவர்கள், அல்லது நின்றவனைப் பெற்றவர்கள். எல்லாவற்றுக்கும் முன்னரே விமானம் ஏறிவிட்ட எனக்குத்தான் அது மீசையை மறைக்கும் துணி.

அண்ணி கொஞ்ச நேரம் அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "என்ரை தம்பி," என்று தொடங்கினார். அதற்குப் பிறகு வந்தது எதுவும் நான் எழுதிய வசனம் இல்லை. நெஞ்சில் அடித்து, அவனைத் தூக்கி வளர்த்த நாளிலிருந்து சொல்லிச் சொல்லி அழுதார். பெண்கள் எழுந்து மேடைக்கே போய் அவரைக் கட்டிப்பிடித்து, தங்கள் தங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அழுதார்கள்.

மனுசனாய்ப் பிறந்த எவனும் இந்த இடத்தில் திரையை மூடியிருப்பான். நான் மைக்கைப் பிடித்தேன்.

"சபையோர் மன்னிக்கவேண்டும். வரலாற்றின்படி இவர் அழக்கூடாது."

ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கிள் மட்டும் நீதிபதி வேடத்துக்கு வைத்திருந்த பஞ்சு முடியைக் கழற்றி மேசையில் வைத்தார். (அந்த நீதிமன்றத்தில் பஞ்சு முடி இருந்ததா என்பதை மட்டும் நான் சரிபார்த்திருக்கவில்லை.) வசனத்தை மறந்துவிட்டார் என்று நினைத்து, "தூக்குத் தண்டனை, அங்கிள்," என்று எடுத்துக்கொடுத்தேன்.

"பொத்தடா வாயை," என்றார் நீதிபதி. பிறகு அண்ணியிடம் திரும்பி, "உன்னிலை ஒரு குற்றமும் இல்லை, பிள்ளை. ஆறுதலா அழு," என்றார். நாடகம் அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு என்னிடம் யாரும் நாடகம் கேட்டதில்லை.

என் வசனம் மட்டும் வீட்டில் இன்றுவரை ஓடுகிறது. வெங்காயம் வெட்டினாலும், பிள்ளைகள் விழுந்து முழங்காலை உரஞ்சினாலும், விமான நிலையத்தில் யாரையாவது வழியனுப்பினாலும், "வரலாற்றின்படி அழக்கூடாது," என்று யாராவது சொல்லுவார்கள். பெரும்பாலும் அண்ணிதான் முந்திக்கொள்வார்.

பல வருடங்கள் கழித்து அப்பா ஊரில் காலமானார். சண்டையில் பாதை பூட்டிக் கிடந்தது, போக வழியில்லை. அஜக்ஸில் அண்ணா வாங்கியிருந்த வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அண்ணாவின் முகத்தில் மீசை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

அண்ணி வந்து என் கையிலிருந்த கார்த் திறப்பை வாங்கி வைத்தார்.

"இது அப்பாட்மென்ற் இல்லை, தம்பி. சுவரிலை இடிக்க ஒருத்தரும் இல்லை," என்றார். "வரலாற்றின்படி நீர் அழலாம்."