ஆல்பத்துக்கு என்ன நட்சத்திரம்?

எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் புழக்கத்துக்கு வரும். கார், லேப்டாப், கிரீன் கார்டு எல்லாம் அப்படித்தான். (புல் வெட்டும் மெஷினையும் கொண்டுபோனேன். இன்றுவரை ஓடுகிறது.) இந்தப் பழக்கம்தான் என் மகளின் முதல் ஆல்பத்துக்கு எமனாக வந்தது.

தாரணி காலேஜ் நண்பர்களோடு ஒரு நியூ வேவ் இசைக்குழு வைத்திருந்தாள். சிந்தசைசர் அழும், டிரம்ஸ் ஓடும், பாடுகிறவர்கள் சிரிக்கவே மாட்டார்கள். எனக்குப் புரிந்ததா என்று கேட்காதீர்கள். பெருமையில் மட்டும் தலைகால் புரியவில்லை. லீவில் வேலை பார்த்துச் சேர்த்ததையெல்லாம் போட்டு, ஸ்டூடியோவில் பதிவுசெய்து, பழைய பாணியில் பெரிய கறுப்பு இசைத்தட்டுகளாகவே கொண்டுவந்திருந்தார்கள். அன்று சாயங்காலம் ஹூஸ்டனில் வெளியீடு. பெட்டியை அரங்கில் சேர்ப்பது மட்டும் என் பொறுப்பு.

"நேரா ஹாலுக்குப் போயிடுங்கப்பா, ப்ளீஸ்" என்றாள்.

"நேராத்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டு, நாங்கள் குடியிருக்கும் கேட்டியிலிருந்து நேராகக் கோயிலுக்குக் காரை விட்டேன்.

ஒரே ஒரு இசைத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மிச்சமெல்லாம் பெட்டியோடு காரில் இருந்தன. வெளியே ஆகஸ்ட் மாத டெக்சாஸ் வெயில்.

"யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார் அர்ச்சகர்.

"இந்த ஆல்பத்துக்குத்தான் சாமி."

"நட்சத்திரம்?"

ரெக்கார்டிங் முடிந்த நாளைப் போனில் தேடிப் பார்த்து, "விசாகம்" என்றேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இந்த ஊரில் இதைவிட வினோதமெல்லாம் பார்த்திருப்பார். அர்ச்சனை முடித்து, உறைமேல் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தந்தார். அதோடு கிளம்பியிருக்கலாம். கேன்டீனிலிருந்து புளியோதரை வாசம் வந்தது.

அரங்கில் தாரணி பெட்டியைத் திறந்தாள். தட்டுகள் எல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்தாள்.

"அப்பா, வேர் டிட் யூ ஸ்டாப்?"

கையிலிருந்த புளியோதரைப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெட்டியை மூடிவிட்டு மேடைக்குப் போய்விட்டாள். அவர்கள் நன்றாகத்தான் வாசித்தார்கள். ஆசையாக வாங்க வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தான் எதுவும் இல்லை. விற்பனை மேசையில் சந்தனப் பொட்டோடு ஒற்றைத் தட்டு. அதன் பக்கத்தில் நான். அன்றைக்கு எனக்கு வந்த அழுகையை இருமலாக்கிச் சமாளித்தேன்.

இன்றும் காரை எங்கே நிறுத்தினாலும் என் மனைவி கோமதி, "ஏங்க, உள்ள ஏதாச்சும் வேகுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவாள். அந்தச் சிரிக்காத குழுவின் டிரம்மர் பையன்கூட இதற்குச் சிரிக்கிறான்.

போன மாதம் அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் வந்தது. அரங்குக்குப் போகும் வழியில், நான் வாயே திறக்காதபோதே, தாரணி காரைக் கோயில் வாசலில் நிறுத்தினாள். நான் சீட் பெல்ட்டைக் கழற்றினேன்.

"நோ நோ, நீங்க இருங்க. ஏசியை ஆஃப் பண்ணாதீங்க."

ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவளே உள்ளே போனாள். நான் பெட்டிக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவளின் ஒரு கையில் சந்தனம் வைத்த ஆல்பம். இன்னொரு கையில் எனக்குப் புளியோதரை.