சுவிட்சு மாமா சுமந்து வந்த அடுப்பு

உலகத்தில் மின்சாரத்தைக் கண்டுபிடிக்காமலே விட்டிருந்தாலும் எங்கள் சுவிட்சு மாமா அதை மிச்சம் பிடித்திருப்பார். அப்படியொரு பிறவி. அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய வீடுகளான எங்கள் லயத்தில் கடைசிக் காம்பரா அவருடையது. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ராமாயி அத்தைக்கு மட்டும்தான் தெரியும். புருஷன் பெயரை அத்தை வாயால் சொல்லமாட்டார் என்பதால் எங்களுக்கு அது கடைசிவரை கிடைக்கவில்லை.

மொத்த லயத்துக்கும் ஒரே மீட்டர். அதுவும் தோட்டத்தின் பேரில். வருகிற பில்லை எல்லா வீடும் பங்கு போட்டுக் கட்டவேண்டும். ஆகவே யார் வீட்டில் பல்பு எரிந்தாலும் மாமாவுக்குத்தான் வயிறு எரியும். கதவைத் தட்டுகிற பழக்கமெல்லாம் கிடையாது. விறுவிறுவென்று உள்ளே வருவார், சுவிட்சை அமர்த்துவார்.

"ஆளில்லாத எடத்துல யாருக்கு வெளிச்சம்? கரப்பானுக்கா?"

ஆள் இல்லாமல் என்ன, நாங்கள் அங்கேதான் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருப்போம்.

என் சடங்கு வீடியோவை இன்றைக்குப் போட்டாலும் பாதியில் படம் இருண்டுபோகும். இருட்டுக்குள்ளிருந்து மாமாவின் குரல் மட்டும் கேட்கும்: "பட்டப்பகல்ல எதுக்குய்யா இம்புட்டு லைட்டு? புள்ள நல்லாத்தானே தெரியுது!" வீடியோக்காரர் ஏதோ சொல்வார். அதை இங்கே எழுத முடியாது.

மாரியம்மன் திருவிழாவில், பூசை முடிந்த கையோடு கோயில் அலங்கார விளக்கு மொத்தத்தையும் அணைத்துவிட்டார். கோயில் தலைவர் அடிக்கவே வந்துவிட்டார்.

"ஆத்தாவுக்குக் கண்ணு கூசாதா? அவளும் பொம்பளதானே, செத்த நேரம் சாயட்டும்" என்றார் மாமா.

இந்த மனுஷனை அடக்க அத்தை ஒருத்தியால்தான் முடியும். "ஏங்க, இங்கிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் பூனை மாதிரி போய்விடுவார். பிற்பாடு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக்கூட அத்தையால் முடியாமல் போயிற்று. பாதியில் இருமல் வந்து மறித்துவிடும். காலமெல்லாம் புகைபோக்கி இல்லாத குசினியில் ஈர விறகை ஊதி ஊதி நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. இனிமேல் புகைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமா அன்றோடு பல்பை மறந்தார். புகையில்லாமல் எப்படிச் சமைப்பது என்பதே அவருக்குப் பேச்சாகிவிட்டது.

நான் ஹட்டன் டவுனில் மின்சாரச் சாமான் கடையொன்றில் பில் போடுகிறேன். முதலாளி ஒரு ஹாஜியார், தங்கமான மனுஷர். விறகடுப்பை விட்டுக் கரண்ட் அடுப்புக்கு மாறுகிறவர்களுக்கு அரசாங்கம் பாதி விலை தருகிறதென்று ஒரு திட்டம் வந்தது. பதிவு செய்ய ஓர் உத்தியோகத்தர் ஒரு வாரம் எங்கள் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். விஷயத்தை மாமாவிடம் சொன்னவள் நான்தான்.

மறுநாள் காலையில் மாமா வந்தார். தோளில் ஒரு உரச்சாக்கு. கடைக்கு நடுவில் தொப்பென்று இறக்கினார். கரி பிடித்த களிமண் கட்டிகள் உருண்டோடின.

"என்னாண்ணே இது?" என்று ஹாஜியார் பதறினார்.

"அடுப்புங்க மொதலாளி. பழசு. சரியா எண்ணிப் பாத்துக்கங்க, ஒரு துண்டும் விடல. பஸ்ஸுல இதுக்குத் தனியா டிக்கெட் வேற போட்டுட்டான் படுபாவி."

"மாமா, இத யாரு ஒடைக்கச் சொன்னா?" என்றேன்.

"அட, போன தடவ பழைய பல்பக் குடுத்தாத்தானே புது பல்பு குடுத்தாங்க? சர்க்கார் சும்மா குடுக்குமா புள்ள?"

உத்தியோகத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுப்பை ஒரு போட்டோ எடுத்து வந்திருந்தாலே போதும் என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு, மின்சார பில் உங்கள் பேரில் இருக்கிறதா என்று கேட்டார். மாமாவின் முகம் வாடிவிட்டது.

"வத்தே நமட்ட, மாத்தயா."

தோட்டத்தின் பேரில்தான், ஐயா. அதோடு முடிந்தது. சொந்தப் பேரில் மீட்டர் இல்லாமல் சலுகை கிடையாது. அந்தக் கட்டிகளை மறுபடி சாக்கில் அள்ளிப்போட்டபோது நானும் கூட அள்ளினேன். எனக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை.

உடைத்த அடுப்பைத் திரும்பக் கட்டச் சொல்லி லயமே கெஞ்சியது. மனுஷன் கேட்கவில்லை. "கட்டுனா அவ திரும்பப் போயி உக்காந்துருவா" என்றார். வெளியே மூன்று கல்லை வைத்து, ஒரு கையில் குடையும் மறு கையில் அகப்பையுமாக அவரே சமைத்தார். அக்கரப்பத்தனை மழை தெரியுமல்லவா? சோறு கஞ்சியாகும், கஞ்சி தண்ணீராகும். பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அத்தை வாசல்படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, "உப்புப் போட்டீங்களா?" என்று கேட்பார். "போட்டேன் போட்டேன்" என்பார். போட்டிருக்கமாட்டார். அத்தை அதையே தட்டு காலியாகும்வரை சாப்பிடுவார்.

இடையிடையே தோட்டத்து ஆபீசுக்கும் கரண்ட் ஆபீசுக்கும் அலைந்தார். நாய் படாத பாடு. இவர் சொல்ல அவரிடம் போய், அவர் சொல்ல இவரிடம் வந்து, கடைசியில் தொல்லை தாங்காமல் தனி மீட்டர் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு மீட்டர் பூட்டியபோது அத்தை இல்லை. அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை, பாவம்.

சொந்தப் பேரில் முதல் பில் வந்ததும் மாமா கடைக்கு வந்தார். இனி அடுப்பு வேண்டாமென்று சொல்லத்தான் வந்திருக்கிறாரென்று நினைத்தேன். "ஒருக்கா போட்டுக் காட்டு புள்ள" என்றார். கரண்ட் அடுப்பில் ஒரு சட்டித் தண்ணீரை வைத்துச் சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார்.

"கொஞ்சங்கூடப் பொகை இல்லியே புள்ள" என்றார். ஹாஜியார் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதுவிட்டேன்.

அடுப்பை வாங்கிப்போனார். ஆனால் தனக்கென்று அதில் அவ்வளவாகச் சமைப்பதில்லை. லயத்தில் எந்தப் பொம்பளை இருமினாலும் மாமா அவள் வாசலில் வந்து நின்றுவிடுகிறார். "வாம்மா, சட்டிய எடுத்துக்கிட்டு நம்ம வீட்டுக்கு வா. நல்லா வேகட்டும், கரண்ட்டப் பத்திக் கவலப்படாத." பில்லெல்லாம் அவர் பேரில்தான் ஏறுகிறது. சொன்னால் கேட்கிற ஆளா?

எனக்கு இருமலே கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க லயத்துக்குப் போனால், மாமா வீட்டு வாசலில் நின்று ஒரு தடவை இருமிவிட்டுத்தான் போகிறேன்.