சன்னலை மறைத்த கம்பளி

திரோக்கி, ஏரிக்கரைத் தெரு.

மதிப்பிற்குரிய அத்தான் யெஃபெத் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் மில்காவும் நலம். அக்காவும் தங்கள் புகையிலைக் கடையும் நலமா? இந்த ஊர் ஜெபாலயத்துக்கு என்னை ஹஸ்ஸானாக, தொழுகை நடத்தவும் எபிரேயம் சொல்லிக்கொடுக்கவும், சிபாரிசு செய்து அனுப்பினீர்களே, அந்த உபகாரத்தை உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். இங்கே உள்ளவர்கள் மறக்க விடவும் மாட்டார்கள்.

காரைட் யூதர்களான நம் மக்களின் முதல் பாடம் என்ன? வேதத்தை நீயே தேடிப் படி, எவன் பேச்சையும் நம்பாதே. அருமையான பாடம். அந்த எவனுக்குத்தான், அதாவது எனக்கு, வீடு கொடுத்து, விறகு கொடுத்து, ஊர் நடுவில் உட்காரவைத்திருக்கிறார்கள். நான் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறேனோ, அவ்வளவு நன்றாக என்னை எதிர்த்துப் பேசுகிறார்கள். ஓய்வுநாளில் வீட்டில் நெருப்பு மூட்டாதே என்கிறது வேதம். ஓய்வுநாள் தொடங்குமுன், வெள்ளி சாயங்காலமே ஏற்றிய விளக்கு தானாக எரிந்தால் தப்பில்லை என்பது நிர்வாகி கொபெத்ஸ்கியின் கட்சி. இருட்டிலேயே உட்கார் என்பது பியானா அம்மாளின் கட்சி. "ஹஸ்ஸான், இந்த வெள்ளிக்கிழமை உங்க சன்னல்ல வெளிச்சம் தெரியலேன்னா உங்க படிப்பு எவ்வளவுன்னு எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார் கொபெத்ஸ்கி. "வெளிச்சம் தெரியட்டும், அப்புறம் இருக்கு உனக்கு" என்றார் அந்த அம்மாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதற்காவது இடையில் மூச்சுவிட நேரம் உண்டு.

நான் படித்தவன் அல்லவா? வெள்ளி சாயங்காலமே விளக்கை ஏற்றிவைத்துவிட்டு, சன்னலைக் கம்பளியால் மறைத்தேன். கொபெத்ஸ்கி கேட்டால் விளக்கு எரிந்தது, பியானா அம்மாள் பார்த்தால் இருட்டு. "இது உருப்படாது" என்றாள் மில்கா. மனைவி பேச்சையும் நம்பக் கூடாது என்று நானாகவே தேடிக் கண்டுபிடித்திருந்தேன். சன்னல் இடுக்கில் புகுந்த ஏரிக்காற்று கம்பளியைத் தள்ளி விளக்கின்மேல் போட்டது. புகையைப் பார்த்து ஊரே வாளியோடு ஓடிவந்து, வாசலில் நின்றுவிட்டது.

"மூட்டத்தானே கூடாது, அணைக்கலாமே?"

"அணைக்கிறதும் வேலைதான். ஓய்வுநாள்ல வேலை செய்யலாமா?"

"உயிருக்கு ஆபத்துன்னா செய்யலாம்."

"உயிர் எங்கே இருக்கு உள்ளே? அவன்தான் வெளியே நிக்கறானே!" என்றார் பியானா அம்மாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வசனம் யோசித்துக்கொண்டிருந்தேன். மில்கா உள்ளே போய், மறுநாளைக்கு வைத்திருந்த சூப்பைப் பானையோடு தூக்கி நெருப்பில் கொட்டிவிட்டு, "இதுக்கு வசனம் நீங்களே தேடிக்கிட்டு இருங்க" என்று சொல்லிப் போய்விட்டாள். ஒளித்துவைத்ததால் வந்த வினை என்றது ஒரு கட்சி, ஏற்றியதால் வந்த வினை என்றது மற்றது. தப்பு ஹஸ்ஸானுடையது என்பதில் மட்டும், இந்த ஊர் வரலாற்றிலேயே முதல்முறையாக, இரண்டும் ஒன்றாயின.

நாளை கூட்டம். என்னை விலக்கப்போகிறார்கள். கேலி போதும் அத்தான். ஏரி உறைகிற குளிரில் மில்காவை அழைத்துக்கொண்டு எங்கே போவேன்? எனக்கு இந்த வேலை பிடிக்கும், அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. தங்கள் கடையில் புகையிலை அறுக்கவாவது ஓர் இடம் வையுங்கள்.

தங்கள் வீட்டில் சமாதானமும் அக்காவின் சமையலும் குறையாதிருக்கட்டும்.

தங்கள் மைத்துனன்,
ஸராக்

பி.கு: கடையில் இடம் வேண்டாம். கூட்டம் முடிந்தது. ஹஸ்ஸானை விலக்கலாம் என்று எந்த வசனம் சொல்கிறது என்று யாரோ கேட்டுவிட்டார்கள். கொபெத்ஸ்கி ஒன்று சொன்னார், பியானா அம்மாள் நம்பவில்லை. அவரவர் தேடிப் படித்து வந்து முடிவு செய்வதாக ஏற்பாடு. பாதிப் பேருக்கு எபிரேயம் வராது. ஆகையால் என்னை விலக்குவதற்காக, எல்லாரும் என்னிடமே படிக்கச் சேர்ந்திருக்கிறார்கள். பியானா அம்மாள் முதல் வரிசையில். நான் அவசரமே படாமல், முதல் எழுத்தை மிக அழகாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.