கட்டியை விழுங்கிய ஆட்டு நுரையீரல்

எங்கள் ஊரான அத்-பாஷியில் கால்முர்சா வைத்தியரின் கூடாரத்துக்கு முன்னால் நின்ற வரிசை குதிரைச் சந்தை வரை நீண்டிருந்தது. அவரிடம் கரையாத புற்றுக்கட்டியே கிடையாது. கட்டணம் ஒரு செம்மறியாடு. நிபந்தனையும் ஒன்றுதான்: தலைநகர ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு முடித்து மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். மகான்களுக்கும் முன்னேற்பாடு வேண்டாமா?

நுரையீரல் அடி எங்கள் பழைய வழக்கம். ஆட்டு நுரையீரலால் நோயாளியின் முதுகில் வைத்தியர் பட்பட்டென்று அடிப்பார். பிறகு அதைக் கீறுவார். உள்ளே முட்டையளவு வெள்ளைக் கட்டி இருக்கும்.

"பாத்தீங்களா, இறங்கிருச்சு!"

கூட்டம் அழும்.

என் நண்பன் தொலோபெக்கும் அழுதவன்தான். அவன் நுரையீரலில் இருந்த கட்டியை டாக்டர்கள் அணுவளவும் பிசகாமல் குறிவைத்து, ஐந்தே தடவை கதிரால் சுட்டிருந்தார்கள். சுருங்க மாதக்கணக்காகும் என்றும் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் மாதம் அடி வாங்கினான். நான்காம் மாதம் எடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகியிருந்தது. புகழ் ஆட்டுக்குப் போனது.

இப்போது அவன் அக்கா அசில்கானுக்கும் அதே கட்டி. திங்கட்கிழமை கதிர்வீச்சு. அதற்குள் அவளைக் கூடாரத்துக்கு இழுத்து வந்துவிட்டான்.

"கதிரெல்லாம் எதுக்குக்கா? நேரா இவருகிட்டயே முடிச்சிரலாம்."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வைத்தியரால் மறுக்க முடியவில்லை. "சரி, உனக்காக நிபந்தனையைத் தளர்த்துறேன்" என்று நுரையீரலை ஓங்கினார்.

"கொஞ்சம் இருங்க" என்று முன்னால் வந்தாள் சாயிர்குல். ஆடு அறுக்கும் கொட்டகையில் இறைச்சி பரிசோதிக்கும் கால்நடை டாக்டர். "அடிக்கிறதுக்கு முன்னாடி கீறிக் காட்டுங்க."

"சக்தி போயிரும்மா."

அவள் நுரையீரலைப் பிடுங்கி, பலகையில் வைத்துக் கீறினாள். மூன்று கட்டிகள்.

"இன்னும் யாரையும் அடிக்கலையே. இது யாரோட கட்டி?"

வைத்தியர் யோசித்தார். "வரிசையில நிக்கிறவங்களோடது. முன்கூட்டியே இறங்கிருச்சு."

"அப்ப எல்லாரும் குணமாயாச்சு. ஆட்டைத் திருப்பிக் குடுங்க, வீட்டுக்குப் போகட்டும்." கத்தியைத் துடைத்தாள். "இது ஆட்டுக்கு வர்ற நீர்க்கட்டி. தினமும் நான் குழியில போடச் சொல்ற சரக்கு."

அசில்கான் மேலங்கியை மாட்டிக்கொண்டாள். "தம்பி, திங்கட்கிழமை வண்டி எத்தனை மணிக்கு?"

தொலோபெக் தலை நிமிரவில்லை. "ஆறுக்கு. நானும் வர்றேன்க்கா."

வீட்டுக்கு வீடு ஆடு அறுக்கிற ஊர் எங்களுடையது. அந்தக் கட்டியை அடுப்படியில் பார்த்தால் முகம் சுளிப்போம். கூடாரத்தில் பார்த்தபோது அழுதோம். புற்றுக்காவது கதிர் இருக்கிறது. எங்கள் குருட்டு நம்பிக்கைக்கு யோசிப்பதைத் தவிர வேறு மருந்தில்லை.