வளையிழையின் துடிப்பு

உயிர் என்றால் என்ன என்று உலகத்து அறிஞர்களெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, எங்கள் கல்லூரியின் உயிரியல் துறை அந்தக் கேள்வியை ஒரு மத்தியான வேளையில், தேநீர் ஆறுவதற்குள், கை தூக்கித் தீர்த்து வைத்தது. ஆறியிருந்தால் இன்னொரு தேநீர் வந்திருக்கும். தீர்ப்பு மாறியிருக்காது.

அந்த மகத்தான சபையில் 'வெளி நிபுணர்' என்ற ஹோதாவில் நானும் இருந்தேன். வெளி என்றால் ரொம்ப வெளி இல்லை, கல்லூரிக்கு எதிர்வீடு. அதே துறையில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவன். கூப்பிட்ட குரலுக்கு வருவேன், பயணப்படி கேட்க மாட்டேன், கொடுக்கிற பிஸ்கட்டைக் குறை சொல்லாமல் தின்பேன். ஒரு நிபுணருக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

"ஏங்க, ரிட்டையர் ஆன அன்னிக்கு மாலை போட்டு அனுப்பினாங்களே, அது எதுக்குன்னு உங்களுக்குப் புரியவே இல்லையா?" என்று கேட்டாள் என் மனைவி. நான் அதற்குள் செருப்பு மாட்டியிருந்தேன்.

விசாரணையின் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறைச் சுவரில் ஸ்தாபகர் தம் கையால் வரைந்த 'மாதிரிப் படம்' கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. வெங்காயத் தோலின் செல்கள். செங்கல் அடுக்கினாற்போல வரிசை, ஒவ்வொன்றிலும் ஒரு உட்கரு, எல்லாவற்றுக்கும் குறுக்கே கறுப்பாக, அரிவாள் போல வளைந்த ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பெயர் 'வளையிழை'. உலகத்தில் வேறெந்தப் பாடநூலிலும் அது கிடையாது. அது அவர்களுடைய துரதிர்ஷ்டம்.

முதலாம் ஆண்டு மாணவர்கள் செல் படம் வரைய வேண்டுமானால் இந்தப் படத்தைப் பார்த்து வரைவார்கள். நுண்ணோக்கியைப் பார்த்து அல்ல. எங்களிடம் நுண்ணோக்கி இல்லாமலில்லை. அருமையான நுண்ணோக்கி. பச்சை வெல்வெட் உறை போட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம். "வெளிச்சம் பட்டா கெட்டுப்போயிடும்" என்பது துறைத் தலைவரின் கண்டிப்பான உத்தரவு. வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் நுண்ணோக்கியைப் பாதுகாத்து வரும் பெருமை வேறெந்தக் கல்லூரிக்கு உண்டு?

துறைத் தலைவரை எடை போட நீங்கள் யார், நான் யார்? வளையிழையில் முனைவர் பட்டம் வாங்கிய மனிதர் அவர். மாணவப் பருவத்திலேயே உறையை நீக்கி, கண்ணை லென்ஸோடு ஒட்டவைத்து, நாள்கணக்கில் அதை உற்று நோக்கியிருக்கிறார். வளையிழை சும்மா கிடக்கவில்லை, துடிக்கிறது என்பது அவருடைய முதல் கண்டுபிடிப்பு. ஆய்வாளர் கண்ணில் தூசி விழுந்த அன்று அது படபடவென்று துடித்தது. ஆய்வாளர் கண்ணயர்ந்தபோது அதுவும் ஓய்ந்தது. 'செல்லுக்கும் ஆய்வாளருக்கும் இடையே ஓர் ஆழ்ந்த ஒத்துணர்வு நிலவுகிறது' என்று முடிவுரை எழுதினார். தேர்வாளர்கள் கண்கலங்கினார்கள் என்று கேள்வி. கண் கலங்கினால் அதிகமாகத் துடிக்கும் என்பதையும் அவர் அடிக்குறிப்பில் சேர்த்திருந்தார்.

இப்படி அமைதியாக ஓடிக்கொண்டிருந்த துறையில்தான் 'தற்காலிகம்' வந்து சேர்ந்தது. அந்தப் பெண்ணுக்கு வேறு பெயர் இருக்கும். ஆனால் நியமன உத்தரவில் இருந்த 'தற்காலிக விரிவுரையாளர்' என்பதில் முதல் சொல்லே எல்லார் வாயிலும் நின்றுவிட்டது. "தற்காலிகம் வந்தாச்சா?" "தற்காலிகத்துக்கு டீ கொடுத்தாச்சா?" என்று பல வருஷங்களாக நிரந்தரமாகக் கூப்பிட்டு வந்தார்கள். அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு ஒருவழியாகத் தயாராகி, முதல்வர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கணவனுக்கு வேறு ஊரில் வேலை. கையெழுத்து விழுந்தால் அவனும் இங்கே வந்துவிடலாம், விழாவிட்டால் இவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த நேரத்தில் பாருங்கள், அந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள். நுண்ணோக்கியின் உறையைக் கழற்றினாள். அதோடு விட்டாளா? மாணவர்களைப் பார்க்கச் சொன்னாள். பார்த்ததை வரையவும் சொன்னாள்!

விளைவு, வகுப்பு முழுக்க வளையிழை இல்லாத செல்கள். செய்முறைத் தேர்வில் துறைத் தலைவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். மொத்த வகுப்பும் தோற்றது. பெற்றோர்கள் வாசலில் கூடினார்கள். முதல்வர் விசாரணைக் குழு அமைத்தார். வளையிழை உண்டென்றால் தற்காலிகம் தப்பாகச் சொல்லிக்கொடுத்தவள். உத்தரவு கிழியும், பிள்ளைகளின் வருஷம் வீணாகும். இல்லையென்றால் பிள்ளைகள் தேறுவார்கள், அவளும் தேறுவாள். ஒரு கோட்டின் மேல் இத்தனை பேர் வாழ்க்கை.

குழு ஆய்வகத்தில் கூடியது. முதல்வர் நடுநாயகமாக உட்கார்ந்தார். அவர் பொருளாதாரக்காரர், ஆகவே எந்தப் பக்கமும் சாயாதவர் என்று பெயர். ஆய்வக உதவியாளர் பிஸ்கட் தட்டை வைத்தார். அவரை நாங்கள் 'ஃபார்மலின்' என்போம். தவளை, பாம்பு, மீன் என்று செத்ததையெல்லாம் அழுகாமலிருக்க ஃபார்மலின் ஜாடியில் போட்டு, பெயர் எழுதிய சீட்டை ஒட்டுவது அவர் வேலை. பசை டப்பாவும் கையுமாகவே அலைவார். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் எதிலும் ஒட்டிவிடுவார் என்று எங்களுக்குள் ஒரு பயம் உண்டு. அதனால் அவர் அறைக்குள் வரும்போதெல்லாம் நான் காலையாவது ஆட்டிக்கொள்வேன்.

"ஏம்மா," என்று தொடங்கினார் துறைத் தலைவர், "ஸ்தாபகர் கண்ணுக்குத் தெரிஞ்சது, என் கண்ணுக்குத் தெரிஞ்சது, உங்க பசங்க கண்ணுக்கு மட்டும் ஏன் தெரியல? யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார். அது செல்லுல இல்ல. கண்ணை லென்ஸ்ல ரொம்ப ஒட்டி வச்சுப் பார்த்தா நம்ம இமைமுடியே குறுக்க தெரியும். புதுசாப் பார்க்கிற எல்லாருக்கும் வர்ற தப்புதான் சார் அது. அதான் பசங்களைக் கண்ணைக் கொஞ்சம் தள்ளி வச்சுப் பார்க்கச் சொன்னேன்."

அறையில் பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது. என்னுடையதுதான்.

"அதாவது," துறைத் தலைவர் நிதானமாகச் சொன்னார், "என் முனைவர் பட்டம் ஒரு இமைமுடிங்கிறீங்க."

"நான் அப்படிச் சொல்லல சார்..."

"ஸ்தாபகரோட இமைமுடிதான் சுவத்துல தொங்குதுங்கிறீங்க!"

முதல்வர் கையைத் தூக்கினார். "சண்டை வேண்டாம். எனக்கு உயிரியல் தெரியாது. பார்த்தா தெரிஞ்சிடப்போகுது. வைங்க."

வெங்காயத் தோலை உரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தார்கள். முதல்வர் குனிந்தார். "ஆமா... கறுப்பா... வளைஞ்சு... அடடா, ஆடுதுய்யா!"

"துடிக்குது சார். ஆடுறதுன்னு சொல்லக்கூடாது, துடிப்பு," என்று திருத்தினார் துறைத் தலைவர். குரல் தழுதழுத்தது. பெற்ற பிள்ளையைப் பிறர் பாராட்டினால் யாருக்குத்தான் தழுதழுக்காது?

அடுத்து நான். எவ்வளவு முயன்றும் எனக்குச் செங்கலும் புள்ளியும்தான் தெரிந்தன. எனக்கு இமைமுடியெல்லாம் வயசோடு உதிர்ந்துவிட்டது. "ஒண்ணும் காணோமே" என்றேன்.

"நிபுணருக்குப் பார்வைக் குறைபாடு," என்று முதல்வர் அனுதாபத்தோடு என் முதுகைத் தட்டினார். "கண் டாக்டர்கிட்ட காட்டுங்க சார். எனக்குத் தெரிஞ்சவர் இருக்காரு."

தற்காலிகம் விடவில்லை. "சார், ஒரு சின்னச் சோதனை. ஒப்பீட்டுக்கு, வெங்காயமே வைக்காம வெறும் கண்ணாடித் தகட்டைப் பாருங்க. வளையிழை செல்லோடதுன்னா, செல் இல்லாத இடத்துல அது தெரியக்கூடாது. தெரிஞ்சா அது நம்ம கண்ணோடதுதான்."

முதலாம் ஆண்டின் முதல் வாரத்தில் நடத்துகிற பாடம் அது. அவள் முகத்தில், அப்பாடா, ஜெயித்துவிட்டோம் என்று ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கும் வந்தது. இன்னொரு பிஸ்கட் எடுத்தேன்.

துறைத் தலைவர் வெறும் தகட்டின் மேல் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது ஆள் வேறாக இருந்தார்.

"இருக்கு," என்றார்.

"பார்த்தீங்களா சார்!" என்றாள் தற்காலிகம்.

"இருக்கு! செல்லே இல்லாத இடத்துலயும் இருக்கு!" முதல்வர் பக்கம் திரும்பினார். "சார், இதோட அர்த்தம் புரியுதா? உயிர்னா செல்லுன்னு இத்தனை காலமா பசங்களுக்குச் சொல்லிக்கிட்டிருக்கோம். செல்லுக்கு முன்னாடியே வளையிழை இருந்திருக்கு! செல் வரும் போகும், வளையிழை நிக்கும்!"

முதல்வர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்த அறையிலயா! நம்ம கல்லூரியிலயா!"

செல் கொள்கை எங்கள் கண்முன்னால் செத்து விழுந்ததற்கு நானே சாட்சி. ஃபார்மலின் பசை டப்பாவைத் திறந்தது போலக்கூட இருந்தது.

தற்காலிகத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவளுக்குள் இருந்த ஆசிரியை கடைசியாக ஒருமுறை எழுந்தாள். "சார், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். ஒரு விரலால உங்க மேல் இமையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பாருங்க. ஒரே ஒரு தடவை."

துறைத் தலைவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். வெற்றி பெற்றவருக்குச் செலவில்லாத பெருந்தன்மை அது. ஆள்காட்டி விரலால் இமையைத் தூக்கிக்கொண்டு குனிந்தார்.

"காணோம்," என்றார்.

தற்காலிகம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"விரலை எடுத்தா வருது. வச்சா போயிடுது. எடுத்தா வருது..." அவர் மெல்ல நிமிர்ந்தார். கண் சிவந்து நீர் வழிந்தது. "தொட்டா ஒளிஞ்சுக்குது சார். தொட்டாச்சிணுங்கி மாதிரி! தூண்டலுக்குத் துலங்கல்! உயிருக்கு இதைவிட வேற என்ன சாட்சி வேணும்?"

"நீங்க தொட்டது உங்க கண்ணைத்தானே சார்?" என்றேன் நான்.

"அதைத்தான் ஒத்துணர்வுன்னு அன்னிக்கே எழுதினேன்," என்றார் அவர், என்னை ஒரு பழைய நண்பனைப் போலப் பார்த்து.

வாக்கெடுப்பு நடந்தது. உயிருண்டு என்று இரண்டு கைகள்; பார்வைக் குறைபாடு ஒன்று. பிள்ளைகளின் தோல்வி உறுதி செய்யப்பட்டது. மறுதேர்வில் வளையிழையைத் துடிக்கிற நிலையிலேயே வரைய வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. நிரந்தர உத்தரவை முதல்வர் நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த நுண்ணோக்கி மேஜையின் காலுக்கு முட்டுக் கொடுத்தார். கண்டுபிடிப்புக்கு ஆட்டம் வரக்கூடாதல்லவா?

தற்காலிகம் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நானும் கூட நடந்தேன்.

"எங்கே தப்பு பண்ணினே தெரியுமாம்மா? உறையைக் கழட்டினியே, அதான்," என்றேன்.

"இல்ல சார். பசங்க பார்த்துட்டாங்க. இனிமே உறை போட்டாலும் அவங்களுக்குத் தெரியும்." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க போய் டீ குடிங்க சார், ஆறிடும்."

நான் குடிக்கவில்லை. வீட்டுக்குப் போனேன். "என்ன முடிவாச்சு?" என்று கேட்டாள் மனைவி. எனக்கு முதலாம் ஆண்டுப் பாடம்தான் ஞாபகம் வந்தது. நானே தொண்டை கிழிய நடத்தியது. உயிருள்ளது எதுவோ அது உண்ணும், வளரும், தன்னைப்போலவே இன்னொன்றை உண்டாக்கும், கழிவை வெளியேற்றும், தூண்டினால் துலங்கும். இதில் எது குறைந்தாலும் அது உயிரில்லை.

எங்கள் துறையோடு பொருத்திப் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது. உண்கிறது, பிஸ்கட் தட்டுக்கு நானே சாட்சி. வளர்கிறது, துணைத் தலைவர்களே அரை வகுப்புக்குத் தேறுவார்கள். தன்னைப்போலவே இன்னொன்றை உண்டாக்குகிறது. துறைத் தலைவரின் மாணவர் ஒருவர் வளையிழையின் இரண்டாம் பாகத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். தனக்கு ஒவ்வாததை வெளியேற்றுகிறது. அதைத்தான் சற்றுமுன் பையோடு வாசல் வரை வழியனுப்பி வந்தேன்.

கடைசிப் பண்பு ஒன்றுதான் உதைத்தது. மத்தியானம் முழுக்க அந்தப் பெண் அதைக் குத்திக் குத்திப் பார்த்தாள். வெறும் தகட்டால் குத்தினாள், விரலால் குத்தினாள், கடைசியில் கண்ணீராலும் குத்திப் பார்த்தாள். அந்த அறையில் துலங்கியது ஒரே ஒரு இமைமுடி.

"முடிவு என்னன்னு கேட்டேன்ல?" என்றாள் மனைவி.

பதில் சொல்ல வாயெடுத்தவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ரொம்ப நாளாகக் கழன்று தொங்கிய துறையின் பெயர்ப்பலகையை, ஃபார்மலின் ஏணி மேல் நின்று, பசை தடவி, அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார்.