சண்டை இல்லாத வீட்டில் ஒரு சமாதானத் தூதர்

மனிதர்களில் சமாதானத் தூதர் என்று ஓர் இனம் உண்டு. சண்டை நடக்கும் இடத்தில் அவரைத் தேடாதீர்கள். அங்கே அடி விழும், அவர் வரமாட்டார். இரண்டு வீட்டுக்காரர்கள் பல வருஷமாகச் சிரித்த முகத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்துகொண்டிருக்கிறார்களா? அங்கேதான் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு வந்து உட்காருவார். குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குள் மனஸ்தாபம் ஒன்றும் இல்லையே?" என்பார். இல்லை என்று சொன்னால் விட்டுவிடுவாரா? "இல்லாமல் எப்படி இருக்கும்?" என்பார். அதற்குப் பிறகு நீங்களும் யோசிக்கத் தொடங்குவீர்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

நான் கண்ட தூதர்களில் முதல் ஸ்தானம் கல்கத்தா மஹாதேவய்யருக்கு. ராஜதானியை டில்லிக்குத் தூக்கிக்கொண்டு போன மறு வருஷம் அது. ஐயர் ஒரு சணல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. பவானிபூர்ப் பக்கத்துத் தமிழர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மாதத்துக்கு ஒருவர் பேசுவார், மற்றவர்கள் பட்சணத்தை நினைத்துக்கொண்டு கேட்பார்கள். டிசம்பர் மாதக் கூட்டத்துக்கு ஐயர் எடுத்துக்கொண்ட விஷயம், "இந்து கிறிஸ்தவ உறவின் சரித்திரம்." நூற்றாண்டுக் கணக்கான பிணக்கை ஒரே சாயங்காலத்தில் தீர்த்து வைப்பதாக அவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். சரித்திரம் புஸ்தகத்தில் கிடைத்தது. தீர்த்து வைப்பதற்கு உயிரோடு ஓர் இந்துவும் ஒரு கிறிஸ்தவரும் வேண்டாமா? அதற்காகத்தான் துர்க்கா பூஜை விடுமுறையில் ஒருநாள் திருவேங்கடம் ஐயங்கார் வீட்டுக்குள் நுழைந்தார்.

பவானிபூர்ச் சந்து ஒன்றில் வங்காளி ஒருவருக்குச் சொந்தமான வீடு அது. கீழ்க்கட்டில் ஐயங்காரும் அவர் மனைவி அனந்தலக்ஷ்மியும். மாடியில் திருநெல்வேலி ஞானாபரணமும் அவர் மனைவி கிருபையம்மாளும். வீட்டுக்காரருக்கு இரண்டு குடும்பமும் "மத்ராஜி"தான். யார் இந்து, யார் கிறிஸ்தவர் என்று அவர் கேட்டதே இல்லை. வாடகை வந்தால் போதும். ஆண்கள் இருவருக்கும் ஹவுராவில் ஒரே ரயில்வே ஆபீஸ். ஒரே டிராமில் போவார்கள், ஒரே பத்திரிகையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படிப்பார்கள். முற்றத்தில் ஒரே குழாய். அனந்தலக்ஷ்மி மடியாக இருக்கும் நேரம் கிருபையம்மாளுக்குத் தெரியும். படியில் நின்று, "அக்கா, எறங்கட்டுமா?" என்பாள். "செத்த இருடி, இதோ ஆச்சு" என்று கீழேயிருந்து பதில் வரும். தீபாவளிக்கு முறுக்கும் லாடுவும் மேலே போகும். வங்காளிகள் பொரொதின் என்று சொல்லும் கிறிஸ்துமஸுக்கு ஒரு கூடை கமலா ஆரஞ்சு கீழே வரும். அந்தச் சந்தில் தமிழ் பேச அந்த இரண்டு பெண்களுக்கும் வேறு நாதி கிடையாது. ஆகையால் ஒருத்தி அரிசி களைந்தால் மற்றவள் படியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். இதற்கெல்லாம் மதநல்லிணக்கம் என்று பெயர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

ஐயர் உட்கார்ந்து, மோர் குடித்து, விசாரணையைத் தொடங்கினார்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். மாடியாத்துல ஒரு வாய் காபி சாப்ட்டிருக்கேளா?"

"இல்லையே. அவளும் கொடுக்கமாட்டா, நானும் கேக்கமாட்டேன்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"ஆஹா!" என்றார் ஐயர். வைத்தியர் கட்டியைக் கண்டுபிடித்ததுபோல அவர் முகம் மலர்ந்தது. நேரே மாடி ஏறினார்.

"உங்க கையால ஒரு வாய் தண்ணிகூட அந்தம்மா வாங்கிக் குடிச்சதில்லையாமே. மனசு வலிக்கலையா?"

கிருபையம்மாள் சிரித்தாள். "அவுக ஆசாரக்காரவுக, எனக்குத் தெரியாதா? வருசா வருசம் ஆரஞ்சு கொடுக்கேன், ஆசையா வாங்கிக்கிடுதாக."

"ஆரஞ்சுக்குத் தோல் இருக்கே அம்மா!"

கிருபையம்மாளின் சிரிப்பு நின்றது. அத்தனை வருஷமாக ஆரஞ்சு வாங்கியும் அதன் தோலை அவள் அன்றுதான் பார்த்தாள்.

ஐயர் அதோடு திரும்பிவிடவில்லை. "உங்க தாத்தா காலத்துல எங்க தெருவுல செருப்போட நடக்க விட்டிருப்பாளோ?" என்று ஞானாபரணத்தைக் கேட்டார். "எங்க தாத்தா செருப்பே போட்டதில்லையே சார்" என்றார் அவர். ஆனால் ஐயர் போன பிறகு செருப்பைப் பற்றி நினைக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. கீழே ஐயங்காரிடம், "சாயங்காலம் மாடியில ஜபப்பாட்டு பாடறாளே, உமக்கு ஒண்ணும் தோணலியா?" என்றார். "ஆனந்தபைரவி. சுருதி சுத்தமா இருக்கு ஓய்" என்றார் ஐயங்கார். "ராகத்தைக் கேக்கறீர், சாகித்தியத்தைக் கேட்டீரோ?" அன்று சாயங்காலம் ஐயங்கார் சாகித்தியத்தைக் கேட்டார். பிறகு ராகம் காதில் விழவில்லை.

கவனியுங்கள், ஐயர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால் நாலு நாளில் வெளுத்துப்போயிருக்கும். இருந்ததைத்தான் சொன்னார். இருந்தும் அதை வைத்துக்கொண்டே இரண்டு குடும்பம் சேர்ந்து வாழ்ந்ததே, அதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

படியில் நின்று கேட்கும் குரல் நின்றது. குழாயடியில் குடம் ஓசையோடு வைக்கப்பட்டது. அந்த வருஷம் தீபாவளி முறுக்கு மாடி ஏறவில்லை. அதை முழுவதும் ஐயங்காரே தின்று, வயிற்று வலியில் படுத்தார். டிராமில் ஐயங்கார் முதல் வகுப்பில் ஏறினால் ஞானாபரணம் பின்னால் இரண்டாம் வகுப்பில் ஏறினார். தனித்தனிப் பத்திரிகை வாங்கினார்கள். பெண்கள் பாடு இன்னும் மோசம். இருவரும் வீட்டுக்காரர் மனைவியிடம் போய், தெரிந்த பத்து வங்காளி வார்த்தையை வைத்துக்கொண்டு ஒருத்தி மேல் ஒருத்தி குறை சொல்லப் பார்த்தார்கள். அவளோ எல்லாவற்றுக்கும் "ஆச்சா, ஆச்சா" என்று தலையாட்டி இருவருக்கும் ஒரே மீன்குழம்பைச் சிபாரிசு செய்தாள். தமிழில் கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லாமல் அனந்தலக்ஷ்மி கொதிக்கும் ரசத்தோடு பேச ஆரம்பித்தாள்.

ஐயருக்கா? பரம சந்தோஷம். "பார்த்தேளா, உள்ளே எவ்வளவு இருந்திருக்கு!" என்று வாரம் தவறாமல் வந்து சமாதானம் பேசினார். காலையில் கீழ்க்கட்டுக்குக் குழாய், பகலில் மாடிக்கு. பாட்டு விளக்கேற்றும் முன்னால் முடிய வேண்டும். இந்த மாதிரி நிபந்தனைகள். நிபந்தனைக்கு ஒரு சண்டையாக வளர்ந்தது.

கூட்டத்து நாள் வந்தது. சங்கத்துக் கூடத்தில் ஆண்கள் ஜமக்காளத்தில், பெண்கள் ஒரு மூங்கில் தட்டிக்குப் பின்னால். இரண்டு கணவர்களையும் ஐயர் மேடையில் தமக்கு இருபுறமும் உட்கார்த்தி வைத்துக்கொண்டார். முடிவில் இரண்டு மனைவிகளையும் அழைத்து, சபையறிய ஒரே கூஜாவிலிருந்து காபி குடிக்க வைப்பதாகத் திட்டம். காபி தயாராக இருந்தது. சரித்திரம்தான் முடியவில்லை. பறங்கிக் கப்பல் கரை சேர்ந்ததிலிருந்து ஆரம்பித்தார். காவி கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்த பாதிரிகள், தரங்கம்பாடி அச்சுக்கூடம், பாதிரிப் பள்ளிக்கூடத்தில் பையனைச் சேர்த்துவிட்டு வாசலில் அழுத தகப்பன்மார், கோயிலுக்குள் விடாததால் சர்ச்சுக்குள் போன கிராமங்கள் என்று ஒவ்வொரு புண்ணாகத் திறந்து காட்டினார். சபையில் பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் கோபித்துக்கொண்டார்கள்.

தட்டிக்குப் பின்னால் இடம் இல்லாமல் அனந்தலக்ஷ்மியும் கிருபையம்மாளும் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் கிருபையம்மாள்தான் முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"அக்கா, நெசமாவே தோல் இருக்கதாலதான் ஆரஞ்சு வாங்கினியளா?"

அனந்தலக்ஷ்மிக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"ஆமாண்டி. நீ ஆசையாக் கொடுக்கறச்சே வேண்டாம்னு சொல்ல மனசு வரலே. வாங்கிக்க ஆசாரம் விடலே. நல்லவேளை தோல் இருந்தது, தப்பிச்சேன்."

கிருபையம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று அனந்தலக்ஷ்மி பயந்துபோனாள். இல்லை, சிரிப்பு. "எனக்கும் தெரியும்க்கா. அதான் வாழைப்பழம், ஆரஞ்சுன்னு பாத்துப் பாத்து வாங்கினேன். அந்த மனுசர் சொல்லவும்தான் வலிச்சுது."

"எனக்கு மட்டும் வலிக்காதாடி? ரெண்டு மாசமா ரசத்தோட பேசிண்டிருக்கேன்!"

பக்கத்தில் ஐயரின் மனைவி ராஜலக்ஷ்மி சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிரசங்கத்தை வீட்டில் ஒரு மாதமாகக் கேட்டவள். இருவர் பக்கமாகக் குனிந்து, "இப்போதான் தரங்கம்பாடிக்கு வந்திருக்கார். திருநெல்வேலி போய்ச் சேர இன்னும் நாழியாகும். நீங்க போயிடுங்கோ, நான் சொல்லிக்கறேன்" என்றாள். பின்கதவையும் அவளே திறந்துவிட்டாள்.

ஐயர் ஒருவழியாக இந்த நூற்றாண்டுக்கு வந்து, கண்ணீர் மல்க, "சகோதரிகளே, முன்னே வாருங்கள்!" என்று கையை நீட்டியபோது, சகோதரிகள் ஒரு குதிரை வண்டியில் பவானிபூர்ச் சந்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதத்துப் பேச்சு பாக்கி இருந்ததால் இருவரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். "அவா ரெண்டு பேரும் ஆத்துக்குப் போயாச்சு" என்று தட்டிக்குப் பின்னாலிருந்து ராஜலக்ஷ்மி சொன்னாள். மேடையில் கணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "வாசல் சாவி?" என்றார் ஐயங்கார். "அதுவும் அவகிட்டதான்" என்றார் ஞானாபரணம். வேறு வழி? ஒரே டிராமில் ஏறினார்கள். இறங்குவதற்குள் ஆபீஸ் மேலதிகாரியை இருவரும் சேர்ந்து திட்டத் தொடங்கியிருந்தார்கள். அதைவிடப் பெரிய ஒற்றுமை உண்டா?

அனந்தலக்ஷ்மி அதற்குப் பிறகும் மாடியில் காபி குடிக்கவில்லை. கிருபையம்மாள் மனம் நோகவும் இல்லை.

மஹாதேவய்யர் அந்தக் கூஜாக் காபியைத் தாமே குடித்துவிட்டு, தமது பிரசங்கத்தால் ஒரு பெரும் பகை தீர்ந்ததாகக் கல்கத்தா முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது, பாகம் பிரிக்காமல் சந்தோஷமாக இருக்கும் இரண்டு சகோதரர்களைத் தேடி டாலிகஞ்ச் பக்கம் போய் வருவதாகக் கேள்வி.

இதைப் படித்துக்கொண்டு வரும்போது, உங்களுக்குத் தெரிந்த இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தார்களா? "அடடா, இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டினால் எவ்வளவு நன்மை!" என்று தோன்றிற்றா? மேல்துண்டைக்கூட எடுத்துவிட்டீர்களா? வேண்டாம் ஐயா. துண்டைக் கீழே வையுங்கள். அவர்கள் சௌக்கியமாக இருக்கிறார்கள்.